முகூர்த்தப் புடவைக் கலரில் ஒரு சமையலறை மேஜை

தங்கச்சி, சமையலறை மேஜை பழசாயிடுச்சு, வித்துட்டுப் புதுசு வாங்கலாம்னு இருக்கேன்னு சொன்ன. அவசரப்படாதே. நம்ம ஊர் வீடுகள்ல தலைமுறையா கிடக்கிற மேஜைகள் பெரும்பாலும் முழு மரம். அதை வித்த காசுக்குக் கடையில கிடைக்கிறது மரத்தூளை அழுத்தி மேல தாள் ஒட்டின பலகைதான். மரம் கெட்டியா இருக்குன்னா, உன் மேஜைக்குப் போனது மேல் பூச்சு மட்டும்தான். அதை நீயே மாத்திடலாம்.

மாத்தும்போது எனாமல் பெயிண்ட் அடிச்சு மூடிடாதே. பெயிண்ட் மரத்துக்கு மேல உட்காரும், சாயம் மரத்துக்குள்ள இறங்கும். சாயம் ஏத்தினா கலரும் வரும், மரத்தோட ரேகையும் மறையாது. கடையில வுட் ஸ்டெயின்னு கேட்டா வால்நட், ரோஸ்வுட், மஹோகனின்னு பழுப்பு வகையாத்தான் முதல்ல எடுத்து வைப்பாங்க. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சளும் உண்டு. கேட்டு வாங்கணும்.

அந்தக் கலர்களை எப்படிச் சேர்க்கறதுன்னு காஞ்சிபுரத்துப் பொண்ணுக்கு வெளியில இருந்து பாடம் வேண்டாம். 2005-06ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம பட்டுல உடல் ஒரு கலர், கரை அதுக்கு நேர் எதிரா இன்னொரு கலர், ரெண்டும் சேர்ற கோட்டுல ஒண்ணு இன்னொண்ணுக்குள்ள கசியாது. மேஜைக்கும் இந்த மூணு விதிதான். கீழ சொல்றதெல்லாம் அதுக்கான வழி.

மரத்தைத் தெரிஞ்சுக்கோ

மேஜையைத் தலைகீழாக் கவிழ்த்து அடிப்பக்கம் பாரு. பாலிஷ் படாத நிஜ மரம் அங்கதான் தெரியும். ஓரத்துல குறுக்கு வெட்டுல வளைய வளையமா ரேகை தெரிஞ்சா முழு மரம். அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளைவுட். அதுமேல ஒட்டியிருக்கிற வெனீர் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும், அழுத்தித் தேய்ச்சா அடி பல்லிளிச்சிடும். 180 நம்பர் உப்புத்தாளால லேசாத் தடவறதோட நிறுத்திக்கோ. சன்மைகா ஒட்டினதுல சாயம் ஏறவே ஏறாது.

மாமரமும் ரப்பர் மரமும் வெளிர் நிறம். எந்தக் கலரையும் நல்லா வாங்கிக்கும். தேக்கு பொன் பழுப்பு, அதோட உள்ளேயே எண்ணெய்ப் பசை உண்டு. சாயம் போடறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னால தின்னர் தொட்ட துணியால துடைச்சாதான் கலர் பிடிக்கும். தேக்குல வெளிர் கலர் எடுபடாது. அரக்கு, கரும்பச்சை, கருநீலம் மாதிரி ஆழமான கலர்கள் பிரமாதமா வரும். பேக்கிங் பெட்டிகள்ல வர்ற பைன் மரம் சாயத்தைத் திட்டுத்திட்டாக் குடிக்கும். அதுக்குச் சாயத்துக்கு முன்னாலயே மெழுகு நீக்கின அரக்கை (கலர் இல்ல, ஷெல்லாக்) ஸ்பிரிட்ல நீர்க்கக் கரைச்சு ஒரு கை பூசணும். லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 60 கிராம் அரக்கு போதும்.

மாசம் பார்த்து ஆரம்பி

தை, மாசி, பங்குனிதான் இந்த வேலைக்குச் சரியான காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில காத்து ஈரமா இருக்கும், அரக்கு பாலிஷ் வெளுத்துப் புகை படிஞ்சாப்பல ஆயிடும், வார்னிஷும் பிசுபிசுன்னே கிடக்கும். அக்னி நட்சத்திரத்துல அதுக்கு நேர் எதிர். துணி ஓட்டறதுக்குள்ள சாயம் காய்ஞ்சு பட்டை பட்டையா நிக்கும். வேற வழியில்லாம சித்திரை வைகாசியில செய்யறதா இருந்தா காலையில வெயில் ஏறறதுக்குள்ள நிழல்ல முடிச்சிடு.

பழைய பூச்சை எடுக்கும்போது கவனம்

மேஜையில பழைய எனாமல் பெயிண்ட் இருந்தா உலரத் தேய்க்காதே. வீட்டு பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாதுங்கற சட்டம் 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முன்னால அடிச்ச பெயிண்டுல ஈயம் இருக்கும்னு நினைச்சே வேலை செய். அந்தத் தூசி குழந்தைகளோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி, பொங்கி வந்ததும் தகட்டால வழிச்செடு. மிச்சத்தை வாட்டர் பேப்பர் வெச்சு ஈரத்தோட தேய். வழிச்சதையெல்லாம் பழைய பேப்பர்ல சுத்திக் கட்டி அப்புறப்படுத்து, பெருக்கித் தெருவுல தள்ளிடாதே. வேலை முடியற வரைக்கும் குழந்தைங்களும் மாசமா இருக்கிறவங்களும் பக்கத்துல வரவே கூடாது.

வெறும் பாலிஷ் மட்டும்னா கவலை இல்ல. ஸ்பிரிட் தொட்ட துணியால ஒரு மூலையைத் துடை. பிசுபிசுன்னு இளகினா அது அரக்கு பாலிஷ், ஸ்பிரிட்டாலயே எடுத்துடலாம். இளகலைன்னா வார்னிஷ், உப்புத்தாளால எடுத்துடு.

உப்புத்தாள்ல கஞ்சத்தனம் வேண்டாம்

முதல்ல 80 நம்பர், அப்புறம் 120, அப்புறம் 180. ஒண்ணையும் தாண்டிப் போகாதே. 80 போட்ட கீறல் கண்ணுக்குத் தெரியாது, ஆனா சாயம் போய் அதுல உட்கார்ந்ததும் கோடு கோடாத் தெரியும். எப்பவும் ரேகை ஓடற திசையிலதான் தேய்க்கணும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டையில தாளைச் சுத்திக்கிட்டா மேல்பலகை பள்ளம் விழாது.

180 முடிஞ்சதும் ஈரத்துணியால மேல்பலகை முழுக்கத் துடைச்சுக் காய விடு. மரத்தோட நுண் நார்கள் எழும்பி சொரசொரன்னு நிக்கும். அதை 220 நம்பரால ரெண்டே இழுப்பு இழுத்துத் தட்டிடு. இதைச் செய்யாம விட்டா தண்ணிச் சாயம் பட்டதும் அதே நார் எழும்பும், அப்ப தேய்ச்சா கலரும் சேர்ந்து போயிடும்.

பழைய ஆணி ஓட்டை, வெடிப்பு இருந்தா கடைப் பட்டியை அள்ளிப் போடாதே. அது சாயத்தை மரம் மாதிரி குடிக்காது, வெள்ளைப் புள்ளியா நிக்கும். ஓட்டைகளை விட்டுவை, எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் அதே கலர் மெழுகால அடைச்சுக்கலாம்.

கலரைப் புடவையில இருந்து எடு

காந்தி ரோடு பட்டுக்கடை ஒண்ணுல பத்து நிமிஷம் நின்னா போதும், இல்ல உன் பீரோவைத் திற. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை. கிளிப்பச்சைக்குக் கத்திரிப்பூக் கலர். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தி எம்.எஸ். ப்ளூன்னே பேர் நின்ன அந்த நீலத்துக்கு மிளகாய்ப்பழச் சிவப்பு. உன் முகூர்த்தப் புடவையோட ரெண்டு கலரையே எடுத்துக்கிட்டா யோசனையே வேண்டாம். கடைக்குப் போறப்ப குஞ்சம் கட்டினப்போ மிஞ்சின நூல் ரெண்டைக் கையோட கொண்டுபோ. ட்யூப்லைட் வெளிச்சத்துல பார்க்காம வாசல் வெளிச்சத்துல வெச்சுப் பாரு.

சமையலறைன்னு வரும்போது இன்னொரு கணக்கும் உண்டு. கருநீல மேல்பலகையில அரிசிமாவும் தண்ணித் தடமும் பளிச்சுன்னு தெரியும். மாம்பழ மஞ்சள்ல மஞ்சத்தூள் சிந்தினாலும் கண்ணை உறுத்தாது, வெளிச்சம் குறைஞ்ச அறையும் கொஞ்சம் தெளிவாகும். அதனால மேல மஞ்சள் உடல், ஓரம் அரக்குக் கரை, கால்களும் அரக்கு. மரம் வெளிர் நிறமா இருந்தா, சின்ன சமையலறைக்கு என்னோட முதல் சிபாரிசு இதுதான்.

மரமும் ஒரு கலர்தான்கறதை மறந்துடாதே. மஞ்சள் சாயல் உள்ள மரத்துல நீலம் ஏத்தினா அது பச்சைப் பக்கம் சாயும். நீலம் நீலமாவே வரணும்னா அதுல துளி ஊதாவோ சிவப்போ கலக்கணும். டின் மேல போட்டிருக்கிற கலரை நம்பாதே. மேஜையோட அடிப்பக்கத்தை 180 வரைக்கும் தேய்ச்சு, அதுல கலரைப் போட்டுப் பாரு. காய்ஞ்ச சாயம் மங்கலாத்தான் இருக்கும், அதைப் பார்த்து மனசு விட்டுடாதே. அதுமேல கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் தடவினா ஈரமா இருக்கிற அந்த நொடியில தெரியற கலர்தான் பாலிஷ் போட்டப்புறம் நிக்கப்போற கலர்.

எந்தச் சாயம் வாங்கலாம்

ரெடிமேடா டின்ல வர்றது சுலபம். நாலு பேர் உட்கார்ற மேஜைக்குக் கலருக்குக் கால் லிட்டர் தாராளம். தண்ணியில கரைக்கிற தூள் சாயம் கிடைச்சா கலர் இன்னும் பளிச்சுன்னு வரும். லிட்டர் தண்ணிக்கு 15 கிராம் கணக்கு, அதாவது கால் லிட்டருக்கு நாலு கிராம் போதும். சூடான தண்ணியில கரைச்சு, ஆறினதும் மெல்லிய துணியில வடிகட்டு. ஒரு கலருக்குத் தேவையான மொத்தத்தையும் ஒரே தடவையில கலந்துடணும். ரெண்டாம் தடவை கலந்தா அதே கலர் திரும்பக் கிடைக்காது. சாயப் பட்டறைக்காரங்ககிட்ட கேட்டுப் பாரு, ஒரு புடவைக்கான நூலை ரெண்டு கொப்பரையா பிரிச்சு நனைக்கவே மாட்டாங்க.

பேர் ஊர் இல்லாத பொட்டலச் சாயம் வாங்காதே. பென்சிடின் வகைச் சாயங்கள் புற்றுநோய் தரும்னு நம்ம அரசாங்கம் 1990-களிலேயே தடை பண்ணியிருக்கு. மரத்துக்குன்னே விக்கிற, கம்பெனி பேர் போட்ட, வெயில்ல வெளுக்காதுன்னு எழுதியிருக்கிற சாயத்தை வாங்கு. கையுறை இல்லாம கலக்காதே.

இயற்கைச் சாயம்னு சொல்லி மஞ்சள் கரைச்சுப் பூச நிறைய பேர் ஆசைப்படறாங்க. வேண்டாம். துணியில பட்ட மஞ்சக்கறையை வெயில்ல காயப்போட்டா போயிடுது இல்லையா, மேஜையிலயும் அப்படியே போயிடும். பீட்ரூட்டும் நிக்காது. வீட்டுச் சாமான்ல நிஜமாவே நிக்கிற கலர் ஒண்ணு உண்டு. அது கறுப்பு.

கடுக்காய்க் கறுப்பு

காளஹஸ்தியில கலம்காரி வரையறவங்க துணியைக் கடுக்காய் கலந்த பால்ல நனைச்சு, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் ஊறவெச்ச தண்ணியால கறுப்புக் கோடு போடறாங்க. கடுக்காயில இருக்கிற டானினும் இரும்பும் சேர்ந்தா கறுப்பு பிறக்கும். மரத்துலயும் இதே கணக்கு செல்லும்.

ரெண்டு ஸ்பூன் கடுக்காய்ப் பொடியைக் கால் லிட்டர் வெந்நீர்ல ஊறவெச்சு வடிகட்டு. இன்னொரு கண்ணாடி ஜாடியில வினிகர் ஊத்தி, கழுவிய ஸ்டீல் உல்லைப் பிச்சுப்போட்டு ஒரு வாரம் வை. பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் நார் இதுக்கு உதவாது, துருப்பிடிக்கிற வகைதான் வேணும். ஜாடியை இறுக மூடாதே, வாயு உண்டாகும். துணி கட்டி வெச்சா போதும், பக்கத்துல அடுப்பு எரியக் கூடாது. முதல்ல மரத்துல கடுக்காய்த் தண்ணி பூசிக் காய விடு. அதுமேல வடிகட்டின இரும்புத் தண்ணியைப் பூசினா சில நிமிஷத்துல உன் கண்ணெதிர்லயே மரம் கறுக்கும். மேஜைக் கால்களுக்கு, மெல்லிய ஓரக் கோட்டுக்கு இந்தக் கறுப்பு அவ்வளவு கம்பீரம். வெயிலுக்கும் வெளுக்காது.

கோர்வை: கரையும் உடலும் கசியாம இருக்க

இந்த வேலையில நீ நிதானமா நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தறியில கோர்வை போடும்போது கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, அந்தப் பக்கக் கரைக்கு இன்னொரு நாடான்னு மூணு ஓடும். நெய்யறவர் பக்கத்துல கூட ஒரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ளணும். அவ்வளவு பாடுபட்டுத்தான் அந்தக் கோடு நேரா நிக்குது. மரத்துல சாயம் ரேகை வழியா ஓடும், டேப் ஒட்டினா மட்டும் நிக்காது. டேப்புக்கு அடியிலயும் புகுந்துடும்.

இரும்பு ஸ்கேல் வெச்சு, கூர்மையான கட்டர் கத்தியால கரைக் கோட்டை ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறு. நார் அறுபட்டுட்டா சாயம் அந்தக் கோட்டைத் தாண்டறது கஷ்டம். ரெண்டரை அடி அகல மேஜைக்கு நாலு அங்குலக் கரை அழகா இருக்கும். வெளிர் கலரை முதல்ல போடு. அது முழுசாக் காய்ஞ்சதும் மெழுகு நீக்கின அரக்கு ஒரு கை பூசி மூடிடு. அப்புறம் கீறின கோட்டோரமா டேப் ஒட்டி, அடர் கலரை உள்பக்கம் தள்ளாம வெளிப்பக்கமா இழு. துணியில சாயம் சொட்டக் கூடாது.

இன்னும் பத்திரமான வழி ஒண்ணு சொல்றேன். ரெண்டு கோடு கீறி, நடுவுல மூணு மில்லிமீட்டர் வெறும் மரமா விட்டுடு. தேக்கா இருந்தா பாலிஷ் போட்டதும் அந்தக் கோடு சரிகையாட்டம் மின்னும், ரெண்டு கலரும் ஒண்ணையொண்ணு தொடவே தொடாது. கை பழகினப்புறம் அதே டேப்பைக் கொண்டு தாழம்பூ ரேக்கு முக்கோணம், பாலும் பழமும் கட்டம் எல்லாம் போடலாம். முதல் மேஜைக்கு நேர்கோடே போதும்.

சாயம் போடும்போது பனியன் துணியை உருட்டி நனைச்சு, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு நிக்காம மறு ஓரம் வரைக்கும் ஓட்டு. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மிச்சத்தை வேற துணியால துடைச்செடு. பலகையோட குறுக்கு வெட்டு ஓரம் சாயத்தை அதிகமாக் குடிச்சுக் கறுத்துடும். அங்க முதல்ல வெறும் தண்ணி தொட்டுட்டு அப்புறம் சாயம் போடு.

மயில்கழுத்துக்கு ரெண்டு தடவை

பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர்னு நெஞ்சாத்தான் மயில்கழுத்து வரும். ஒரே டின்ல அது கிடைக்காது. மாமரத்துல கருநீலத்தை முதல்ல ஏத்து. காய்ஞ்சதும் 220 நம்பரால மேலோட்டமாத் தேய். மேட்டுல இருக்கிற நீலம் போய், ரேகையோட பள்ளத்துல இருக்கிறது தங்கிடும். அதுமேல பச்சை போட்டா ரேகை நீலமாவும் நடுவுல பச்சையாவும் ஆடும். அரக்குக் கலரும் கறுப்பும் சேர்த்து இதே முறையில செஞ்சா ஆழம் தனி.

மேல் பூச்சு: எது எங்க

அரக்கு பாலிஷ் பார்க்க ரொம்ப அழகு, ஆனா சூடான குக்கர் அதுமேல உட்கார்ந்தா வெள்ளை வட்டம் விழும். சோப்புத் தண்ணியும் ஆகாது. அதை மேல்பலகைக்கு அடிப்பூச்சா மட்டும் வெச்சுக்கோ. மேல பாலியூரிதேன் மூணு கை போடு. ஒவ்வொரு கைக்கும் நடுவுல டின்ல எழுதியிருக்கிற நேரம் காய விட்டு, 320 நம்பரால லேசாத் தடவித் தூசி துடைச்சுக்கோ. அடிப்பூச்சுல மெழுகு இருந்தா பாலியூரிதேன் ஒட்டாம உரியும். அதனாலதான் மெழுகு நீக்கின அரக்குன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

ஒரு விதியை மனசுல போட்டுக்கோ. சாயத்தை எதுல கரைச்சியோ, அதே திரவத்துல வர்ற பூச்சை அதுமேல நேரா இழுக்கக் கூடாது. தண்ணிச் சாயத்துமேல தண்ணி வகைப் பாலியூரிதேனை இழுத்தா கலர் கிளம்பி கரையும் உடலும் ஒண்ணாயிடும். நடுவுல ஒரு கை அரக்கு இருந்தா பயமில்ல. தின்னர் வகைப் பூச்சு கொஞ்சம் மஞ்சளிக்கும், அரக்குக் கலருக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் அது நல்லதே. நீலத்துக்குத் தண்ணி வகைதான் சரி.

கால்களை மறந்துடாதே

வரதராஜப் பெருமாள் கோயில் அத்தி வரதர் அத்தி மரத்துத் திருமேனி. அனந்தசரஸ் குளத்துக்குள்ள 40 வருஷம் இருந்து எழுந்தருளறார். 1979-க்கு அப்புறம் 2019 ஜூலை 1 தொடங்கி ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள் தரிசனம் தந்தார். காத்துப் படாம முழுசாத் தண்ணிக்குள்ள இருக்கிற மரத்தைப் பூஞ்சை சுலபத்துல அண்டாது. நனைஞ்சு, காய்ஞ்சு, மறுபடி நனையற மரம்தான் உளுத்துப்போகும். தினமும் தரை கழுவற நம்ம சமையலறையில மேஜைக் காலோட அடிப்பாகத்துக்கு நடக்கிறது அதுதான். கால்களைக் கவிழ்த்து வெச்சு, அடிக் குறுக்கு வெட்டுல பாலியூரிதேன் குடிக்கிற வரைக்கும் பூசு. காய்ஞ்சதும் ரப்பர் புஷ் மாட்டு.

தீயும் புகையும்

ஸ்பிரிட், தின்னர், டர்பன்டைன் எல்லாமே சட்டுன்னு பத்தும். மேஜையைத் தாழ்வாரத்துக்கோ மொட்டை மாடி நிழலுக்கோ கொண்டுபோய்ச் செய். அடுப்புப் பக்கமும் சாமி விளக்குப் பக்கமும் இந்த வேலையே கூடாது. ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயமோ பூச்சோ தொட்ட துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில போட்டா தானாவே சூடேறித் தீப்பிடிக்கலாம். விரிச்சுக் காயவெச்சு, இல்ல தண்ணியில முக்கி அப்புறம்தான் போடணும். தேய்க்கும்போது மாஸ்க் கட்டாயம்.

புழக்கத்துக்கு வந்தப்புறம்

கடைசிக் கை போட்டு ஒரு வாரத்துக்குப் பாத்திரம் வைக்காதே, ஒரு மாசத்துக்குப் பிளாஸ்டிக் விரிப்பு போடாதே. சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை எப்பவும் இருக்கட்டும். சாயம் ஏத்தின பலகைமேல நேரடியாக் காய் நறுக்கறதோ சப்பாத்தி தேய்க்கறதோ கூடாது. துடைக்க ஈரத்துணி போதும், ப்ளீச்சும் தேங்காய் நாரும் வேண்டாம். ரெண்டு மூணு வருஷத்துல பளபளப்பு மங்கினா 320 நம்பரால லேசாத் தடவி ஒரு கை பாலியூரிதேன் மட்டும் போடு. அடியில இருக்கிற கலரைத் தொடவே வேண்டியதில்ல.

முழு மரம் இன்னிக்கு விக்கிற விலைக்கு நம்ம வீட்டு மேஜையை யாருக்கோ பழைய சாமான் கணக்குல தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வரலை. உனக்கும் வரக் கூடாது. இந்த வாரம் ஒண்ணே ஒண்ணு செய். மேஜையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்துல கையகலத்துக்குத் தேய்ச்சு, ரெண்டு கலரையும் பக்கத்துல பக்கத்துலயா போட்டு, நடுவுல ஒரு கோடு கீறிப் பாரு. அந்தக் கோடு கசியாம நின்னுடுச்சுன்னா மேல்பலகையைத் தைரியமாத் தொடு.